கூடைப்பந்து: மூன்று கட்டளைகளில் பிறந்த விளையாட்டு



கூடைப்பந்து என்றதும் நம்மில் பலருடைய மனக்கண் முன் வருவது எது? ஆறரை அடிக்கு மேல் வளர்ந்த ஆட்டக்காரர்கள். கண்ணாடி போல் பளபளக்கும் மரத்தளம். தொலைக்காட்சியில் தெரியும் அமெரிக்க அரங்குகள். "அது உயரமானவர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் உரியது, நம் ஓமலூருக்கும் ஆத்தூருக்கும் ராசிபுரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று எண்ணிப் பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர்.

அதன் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். போதிய இடமில்லாத ஒரு கூடத்தில், சொல்பேச்சுக் கேளாத பதினெட்டு இளைஞர்களை வழிக்குக் கொண்டுவருவதற்காக, ஓர் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை ஆணியால் அறைந்து தொடங்கிய விளையாட்டு இது. அவர் வகுத்த விதிகளுள் மூன்று கட்டளைகளை மட்டும் நீங்கள் நன்கு புரிந்துகொள்ளுங்கள். தொடக்க நிலையில் கற்க வேண்டிய திறன்கள் ஏறக்குறைய அனைத்தும் அம்மூன்றிலிருந்தே கிளைத்திருப்பதைக் காண்பீர்கள். ஆகவே இத்திங்கள் முதலில் வரலாறு, அடுத்துப் பயிற்சி, பின்னர் நம் ஊரில் அதற்குள்ள வழி என்ற வரிசையில் பார்ப்போம்.

பதினான்கு நாள் தவணை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்றொரு நகரம். அங்கு ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு நடத்திய பயிற்சிக் கல்லூரியில் 1891ஆம் ஆண்டு ஆசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடா நாட்டில் 1861இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர்.

அப்போது கடுங்குளிர் காலம். வெளியே மைதானத்தில் ஆட இயலாது. கூடத்துக்குள் திரும்பத் திரும்பச் செய்த உடற்பயிற்சிகளோ அந்த இளைஞர்களுக்குச் சலித்துப் போயின. அவர்களைச் சமாளிக்க இயலாமல் முன்பே இரண்டு ஆசிரியர்கள் வகுப்பைக் கைவிட்டிருந்தனர். துறைத் தலைவராக இருந்த லூதர் குலிக், அவ்வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்து, கூடத்துக்குள் ஆடத் தகுந்த புதிய விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி பணித்தார். கொடுத்த தவணை பதினான்கு நாட்கள்.

நெய்ஸ்மித் முதலில் மைதான விளையாட்டுகளைச் சற்று மாற்றிக் கூடத்துக்குள் ஆட வைத்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. இடநெருக்கத்தில் ஒருவர் மேல் ஒருவர் மோதிக் காயம் பட்டதுதான் மிச்சம். தவணையும் முடியும் தறுவாயில், அவர் அமைதியாக அமர்ந்து யோசித்தார். ஆட்டத்தில் முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது? பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். அவனை நிறுத்த வேண்டுமானால் மற்றவன் அவனைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. ஓட்டத்தையே தடுத்துவிட்டால் தள்ளுமுள்ளுக்கு வேலை ஏது? இந்தச் சிந்தனையிலிருந்து பிறந்ததுதான் முதற்கட்டளை: பந்தைக் கையில் ஏந்தி ஓடக்கூடாது. அதை ஒட்டி வந்தது இரண்டாவது: எதிரியின் உடலைப் பிடித்தல், தள்ளுதல், இடித்தல், காலை வாருதல் கூடாது.

மூன்றாவது கட்டளைக்கு அவருடைய சிறுபிராய விளையாட்டு ஒன்று கை கொடுத்தது. பெரிய பாறையின் மேல் ஒரு சிறு கல்லை வைத்துவிட்டு, தொலைவில் நின்று வேறு கல்லால் அதை வீழ்த்தும் ஆட்டம் அது. வேகமாக நேராக எறிந்தால் கல் வெகுதூரம் ஓடிவிடும். அதை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் பிடிபட நேரும். மெதுவாக வளைத்து எறிந்தால் கல் பாறைக்கு அருகிலேயே விழும். புளியமரத்தடியில் கல் வீசிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்த நுட்பத்தை விளக்கவே வேண்டியதில்லை! வலிமையைவிட நிதானத்துக்குப் பயன் கிடைக்க வேண்டும் என்று கருதிய நெய்ஸ்மித், இலக்கைத் தலைக்கு மேலே, வானத்தைப் பார்த்த வாயுடன் அமைக்க முடிவு செய்தார். இதுவே மூன்றாவது கட்டளை.

கல்லூரிப் பணியாளரிடம் அவர் கேட்டது 18 அங்குல அளவுள்ள இரண்டு பெட்டிகள். கிடைத்தவையோ பீச் பழக்கூடைகள் இரண்டு. கூடத்தின் மேல்மாடத்துக் கைப்பிடியில் அவற்றை அறைந்தார். அந்த உயரம் பத்து அடி. இன்று உலகெங்கும் பெரியவர்கள் ஆடும் வளையத்தின் உயரமும் அதே பத்து அடிதான், அதாவது 3.05 மீட்டர். மொத்தம் 13 விதிகளைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டினார். 1891 டிசம்பர் 21ஆம் நாள், பக்கத்துக்கு ஒன்பது பேராக முதல் ஆட்டம் நடைபெற்றது. கால்பந்தைக் கொண்டே ஆடினர். கூடைக்கு அடிப்பகுதி இருந்தமையால், விழுந்த பந்தை மேலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் பந்து கூடையில் விழுந்தது. முதன்முதலாகப் பந்து பழகும் உங்கள் பிள்ளை வளையத்தைத் தொடக்கூட இயலவில்லையே என்று வருந்தினால், இந்தச் செய்தியைச் சொல்லித் தேற்றுங்கள்.

மண்தளத்தில் ஒலிம்பிக் இறுதியாட்டம்

தொடங்கி 45 ஆண்டுகளுக்குள் இவ்விளையாட்டு ஒலிம்பிக்கை எட்டியது. 1936இல் பெர்லின் நகரில் முதன்முதலாகக் கூடைப்பந்துப் பதக்கப் போட்டி நடந்தபோது, முதியவராகிவிட்ட நெய்ஸ்மித் அதை நேரில் காணும் பேறு பெற்றார். அவ்வாண்டின் இறுதியாட்டம் எங்கே நடைபெற்றது தெரியுமா? மரத்தளத்திலும் அன்று, கூடத்துக்குள்ளும் அன்று. திறந்த வெளியில், மண்தளத்தில், கொட்டும் மழையில்! சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8 என்ற சொற்ப எண்ணிக்கையில் ஆட்டம் முடிந்தது. "எங்கள் பள்ளியில் வெறும் மண்தரைதானே இருக்கிறது" என்று தயங்கும் உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

இந்தியாவுக்கு இவ்விளையாட்டு மிக விரைவிலேயே வந்து சேர்ந்தது. நெய்ஸ்மித்தின் முதல் வகுப்பு மாணவர்களுள் ஒருவரான டங்கன் பேட்டன் 1894இல் இங்கு அதை அறிமுகம் செய்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தமிழகத்தில் அது வேரூன்றக் காரணமாயிருந்தவர் ஹாரி குரோ பக். ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்ற இவர், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்தார். அங்கு பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் மாவட்டங்களுக்குச் சென்று பணியேற்றபோது, அவர்களுடன் கூடைப்பந்தும் உடன் சென்றது. ஆடவர்க்கான முதல் தேசியப் போட்டி 1934இல் புதுதில்லியில் நடந்தது. 1950இல் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் அமைந்தது. இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக்கில் ஆடியது 1980ஆம் ஆண்டு மாஸ்கோவில் மட்டுமே.

நம் பகுதிக்கு வருவோம். நாமக்கல்லிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் கரூர். அங்கு எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பைக்காக அகில இந்திய அணிகள் மோதும் போட்டி நீண்ட காலமாக நடந்து வந்துள்ளது. கோவையின் பி.எஸ்.ஜி. கோப்பையும் அவ்வாறே புகழ் பெற்றது. நாட்டின் தலைசிறந்த அணிகள் சில மணி நேரப் பயணத் தொலைவில் வந்து ஆடுகின்றன. அப்படியொரு போட்டி அறிவிக்கப்படும்போது ஓர் இரவேனும் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். பத்துப் பக்கம் படிப்பதைவிட அது மேலான பாடமாகும். தமிழக வீரர் முயின் பெக் ஹபீஸ் இந்திய ஆடவர் அணிக்குத் தலைமை ஏற்று ஆடியிருக்கிறார். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணியின் தலைவராக விளங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தொலைதூர நாட்டு வீரர்களை மட்டுமே முன்மாதிரியாகக் காட்ட வேண்டிய நிலை நமக்கு இல்லை.

முதற்கட்டளை தரும் மூன்று பாடங்கள்

இனிப் பயிற்சிக்கு வருவோம். பந்தைக் கையில் ஏந்தி ஓடக்கூடாது என்றால், பந்து எப்படி முன்னேறும்? வழிகள் இரண்டு: மற்றவருக்கு எறிதல், தரையில் தட்டிக்கொண்டே செல்லுதல்.

முதலில் எறிதல். தொடக்க காலத்தில் இது ஒன்றே வழியாக இருந்தது. பந்தைத் தட்டிச் செல்லும் பழக்கம் பின்னால் வந்து சேர்ந்ததே ஆகும். ஆகவே பழகும்போதும் எறிதலையே முதலில் பழகுங்கள். இரு கைகளாலும் பந்தை மார்புக்கு நேரே பிடித்து, ஒரு காலை முன்வைத்து, முழங்கைகளை நீட்டி, துணைவரின் மார்பை நோக்கித் தள்ள வேண்டும். விட்ட பின் உள்ளங்கைகள் வெளிப்புறம் நோக்கியும் பெருவிரல்கள் தரையை நோக்கியும் இருந்தால் எறிந்த முறை சரி. இது மார்பு எறி. இடையில் எதிரி நின்றால், பந்தைத் தரையில் ஒரு முறை மோதவிட்டு அனுப்பலாம். இருவருக்கும் இடைப்பட்ட தொலைவில் மூன்றில் இரண்டு பங்கு கடந்த இடத்தில் பந்து தரையைத் தொட வேண்டும். இது தரை எறி.

எறிவதைப் போலவே வாங்குவதும் ஒரு கலை. நாமக்கல்லில் முட்டை அட்டைகளைக் கைமாற்றி லாரியில் ஏற்றும் தொழிலாளரைக் கவனியுங்கள். அவர் கையை விறைப்பாக நீட்டி வாங்குவதில்லை. வாங்கும்போதே கையைத் தம் பக்கம் சற்று இழுத்துக்கொள்கிறார். பந்தையும் அவ்வாறே விரல்களை விரித்து எதிர்கொண்டு, உள்ளிழுத்து வாங்க வேண்டும். இதைப் பழகாத பிள்ளைகளுக்கே விரல் பிசகுகிறது.

அடுத்தது பந்தைத் தட்டிச் செல்லுதல். உள்ளங்கையால் அறையக்கூடாது, விரல்களின் முற்பகுதியால் அழுத்தித் தள்ள வேண்டும். முழங்கால்கள் சற்று மடங்கியிருக்கட்டும். பந்து இடுப்புக்கு மேல் எழும்ப வேண்டாம். பார்வை பந்தின் மேல் இருக்கக்கூடாது. எதிரே இருக்க வேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பிள்ளை பந்தைத் தட்டிக்கொண்டிருக்கையில் நீங்கள் எதிரே நின்று விரல்களைக் காட்டுங்கள். எத்தனை என்று அவன் சொல்லட்டும். வலக்கையால் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் இடக்கையாலும் பழக வேண்டும். தட்டுவதை நிறுத்திப் பந்தைக் கையில் பிடித்துவிட்டால் மறுபடி தட்டத் தொடங்கக்கூடாது; இரு கைகளாலும் ஒரே சமயத்தில் தட்டுவதும் கூடாது. மீறினால் பந்து எதிர் அணிக்குப் போய்விடும்.

மூன்றாவது பாடம் ஊன்றுகால். பந்தைக் கையில் பிடித்து நின்றபின் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மற்றொரு காலை எத்திசையிலும் எடுத்து வைத்துத் திரும்பலாம். கதவு கீலில் சுழல்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊன்றிய கால் இடம் பெயர்ந்தால் விதிமீறல். புதிதாக ஆடுபவர்கள் பந்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சுவரோரமாக நின்று, பந்தின்றியே நாள்தோறும் ஐம்பது முறை சுழன்று பழகலாம். செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது கட்டளை: உடல் தீண்டாத தடுப்பு

எதிரியைத் தொடாமல் எப்படித் தடுப்பது? காலால் தடுக்க வேண்டும் என்பதே விடை. தோள் அகலத்துக்குச் சற்று அதிகமாகக் கால்களை விரித்து, நாற்காலியில் பாதி அமர்ந்தது போல் தாழ்ந்து நின்று, கைகளை விரித்து, எதிரி செல்லும் பக்கம் நண்டு போல் பக்கவாட்டில் நகர வேண்டும். கால்கள் ஒன்றையொன்று பின்னக்கூடாது. எதிரியின் கண்களையோ பந்தையோ பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அவருடைய இடுப்பைப் பாருங்கள். தலையும் கையும் போக்குக் காட்டலாம். இடுப்பு போகும் திசையில்தான் ஆள் போவான்.

ஒருவர் முறைப்படி நிற்கும் இடமும் அதற்கு நேர் மேலே உள்ள வெளியும் அவருக்கே உரியவை என்பது இவ்விளையாட்டின் நெறி. அதில் நுழைந்து இடித்தவர் தவறு செய்தவராகிறார். பன்னாட்டு விதிப்படி ஐந்து தவறுகள் செய்தவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். எவ்வளவு திறமைசாலியாயினும் கையை அடக்கத் தெரியாதவர் பாதி ஆட்டத்தில் வெளியே அமர்ந்து பார்க்க வேண்டியதுதான். சினம் மிகுந்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து வேறென்ன வேண்டும்? அந்தப் பதினெட்டு இளைஞர்களுக்கும் இதுவே தரப்பட்டது.

மூன்றாவது கட்டளை: உயரத்தில் உள்ள வாய்

வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ. பெரியவர் ஆடும் பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ. ஏறக்குறைய இரண்டு பங்கு அகலமான வாய் இருந்தும் பந்து ஏன் நழுவுகிறது? கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இதைப் போட்டுப் பார்க்கலாம். பந்து நேர் மேலிருந்து இறங்கினால் அதற்கு 45 செ.மீ. அகலமும் திறந்திருக்கும். 45 பாகைச் சாய்வில் வந்தால் அதற்குக் கிடைக்கும் அகலம் ஏறத்தாழ 32 செ.மீ. 30 பாகைச் சாய்வில் தாழ்வாக வந்தாலோ 22.5 செ.மீ. மட்டுமே, பந்தைவிடச் சிறியது! அப்பந்து விளிம்பில் இடித்தே தீரும். எனவே வளையத்தைக் குறிவைத்து நேராக வீசாமல், உயர்த்தி வளைத்து எய்ய வேண்டும். பாறைமேல் கல்லெறிந்த சிறுவனின் அனுபவம் இங்கு விதியாகிவிட்டது.

எய்யும் முறை இது: கால்கள் தோள் அகலத்தில், எய்யும் கையின் பக்கமுள்ள கால் சற்று முன்னே. பந்து எய்யும் கையின் விரல்களில் தங்கியிருக்க, மற்றொரு கை பக்கவாட்டில் தாங்கட்டும்; அது தள்ளக்கூடாது. முழங்கை வெளியே பிதுங்காமல் வளையத்துக்கு நேராக இருக்கட்டும். விசை முழங்காலிலிருந்து எழுந்து, தோள் வழியாக விரல் நுனிக்கு வர வேண்டும். பந்தை விட்டபின் மணிக்கட்டு முன்னோக்கி மடிந்து, கை ஒரு கணம் மேலேயே நிற்கட்டும்.

பலர் முதல் நாளே 4.60 மீட்டர் தொலைவிலுள்ள தண்ட எறி கோட்டில் நின்று எய்யத் தொடங்குகின்றனர். வலிமை போதாமல் உடல் கோணி, தவறான பழக்கம் படிந்துவிடுகிறது. முதல் வாரம் வளையத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவிலேயே நில்லுங்கள். பத்தில் ஏழு விழுந்த பின்னரே ஓரடி பின்வாங்குங்கள்.

வளையத்தின் அருகே ஓடிவந்து எய்வதை லே-அப் என்பர். வலப்பக்கமிருந்து வரும்போது பந்தைப் பிடித்து வலக்கால், அடுத்து இடக்கால், இடக்காலால் எம்பி, வலக்கையால் பலகையிலுள்ள சிறு கட்டத்தின் மேல்மூலையில் மெல்லப் பந்தைச் சாய்க்க வேண்டும். இடப்பக்கம் இதற்கு நேர் மாறு. வளையத்தின் அடியில் நின்றபடி வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி இடைவிடாது எய்யும் பயிற்சிக்கு, ஜார்ஜ் மைக்கன் என்ற பழைய வீரரின் பெயர் வழங்குகிறது. பிற்காலத்தில் 38,387 புள்ளிகள் குவித்து, 2023 வரை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் உச்ச எண்ணிக்கையைத் தம்வசம் வைத்திருந்த கரீம் அப்துல் ஜப்பார், பள்ளிச் சிறுவனாக இருந்தபோது செய்து பழகிய பயிற்சி அது.

"எங்கள் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகிவிட்டதே, இனித் தொடங்கலாமா?" என்று கேட்பவர்கள் ஹக்கீம் ஒலாஜுவானை நினைத்துக்கொள்ளட்டும். நைஜீரியாவில் கால்பந்து ஆடி வளர்ந்த அவர், பதின்ம வயதின் நடுப்பகுதிக்குப் பிறகே கூடைப்பந்தைத் தொட்டார். கால்பந்து கற்றுத்தந்த கால் நகர்வே அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது. 1995 பிப்ரவரியில் ரமளான் நோன்பு நோற்றபடியே ஆடி, அம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றவரும் அவரே. ஆனால் நம் சமவெளியின் கோடை வெயிலில் வளரும் பிள்ளைகள் அதை அப்படியே பின்பற்ற முயல வேண்டாம். நோன்பு நாட்களில் பயிற்சியை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

நம் பெண்மக்களுக்கும் உரியது

இவ்விளையாட்டுத் தோன்றிய மறு ஆண்டே, 1892இல், அதே மாநிலத்தின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் சென்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். 1893இல் அங்கு நடந்த முதல் போட்டியைக் காண ஆடவருக்கு அனுமதி இல்லை. பெண்கள் தமக்கென ஒதுக்கப்பட்ட கூடத்தில், கண்ணியத்துடன், முழு ஊக்கத்துடன் ஆடினர். ஆக, பெண்களுக்கு உகந்த சூழலை அமைத்துக்கொண்டு ஆடுவது இவ்விளையாட்டுக்குப் புதிதன்று.

தலைமுக்காடு குறித்தும் ஒரு செய்தி உண்டு. கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்து வளர்ந்தவர் பில்கிஸ் அப்துல் காதிர். முக்காடு அணிந்தே ஆடி, பள்ளிப் பருவத்தில் 3,070 புள்ளிகள் குவித்து மாநிலச் சாதனை படைத்தார். கல்லூரியிலும் ஆடினார். ஆனால் பன்னாட்டுச் சம்மேளனத்தின் விதி அப்போது தலையணியைத் தடுத்தமையால், தொழில்முறையில் அயல்நாட்டில் ஆடும் வாய்ப்பு அவருக்கு அடைபட்டது. அவரும் வேறு பலரும் தொடர்ந்து குரல் கொடுத்தனர். 2017 மே மாதம் சம்மேளனம் விதியைத் திருத்தியது. அவ்வாண்டு அக்டோபர் முதல் தலையணி அனுமதிக்கப்பட்டது. முகத்தை மறைக்காமலும், ஓரங்கள் தொங்காமலும், அணியினர் அனைவருக்கும் ஒரே நிறத்திலும் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகளுள் சில. பில்கிஸுக்குக் காலம் கடந்து வந்த அந்த நீதி, அவருக்குப் பின் வருபவர்களுக்கு வழி திறந்தது. அவ்வழியில் நடக்க நம் பெண்மக்களும் இருக்க வேண்டாமா? ஏழாம் வகுப்பு வரை துள்ளி ஆடிய சிறுமி, அடுத்த ஆண்டு முதல் மைதானத்தின் ஓரத்தில் புத்தகப் பைகளுக்குக் காவல் இருக்கும் காட்சியை எத்தனை பள்ளிகளில் காண்கிறோம்! விதி தடுக்கவில்லை, வளையமும் தடுக்கவில்லை. தடுப்பது நம் தயக்கமே.

பட்டறையில் ஒரு வளையம்

லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லில் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டில் உருவாகின்றன. சேலத்தில் இரும்புக் கடைக்குப் பஞ்சமில்லை. அப்படியிருக்க ஒரு வளையத்துக்கு நாம் ஏன் ஏங்க வேண்டும்? 18 மி.மீ. கனமுள்ள உருண்டைக் கம்பியில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் போதும். உள்விட்டம் 45 செ.மீ. வருமாறு வளைத்துப் பற்றவைத்துத் தருவார்கள். பலகை 1.80 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் உயரம். வளையத்தின் உள்விளிம்பு பலகையிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். பலகையைத் தாங்கும் கம்பம் நேர் கீழே நிற்காமல், ஒரு மீட்டருக்கு மேல் பின்தள்ளி ஊன்றப்பட வேண்டும். ஓடிவரும் பிள்ளை மோதிக்கொள்ளாதிருக்க, கம்பத்தைச் சுற்றித் தென்னைநார் மெத்தையோ பழைய டயரோ கட்டுங்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வளையம் 2.60 மீட்டர் உயரத்தில் இருப்பதே முறை. பந்தும் சிறிய 5ஆம் எண் பந்து. பெண்களுக்கு 6ஆம் எண். ஆடவர்க்கு 7ஆம் எண்.

முழு ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் கொண்டது. அவ்வளவு இடம் இல்லையா? கவலை வேண்டாம். பக்கத்துக்கு மூவராக, ஒரே வளையத்தில், 15 மீட்டருக்கு 11 மீட்டர் இடத்தில் ஆடும் வகையும் உண்டு. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அதுவும் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. பத்து நிமிடங்கள் ஆட வேண்டும்; அதற்குள் முதலில் 21 புள்ளி எடுத்த அணி வென்றதாகும். பள்ளியின் காலை வணக்க மைதானத்தில் ஒரு மூலை இதற்குப் போதும்.

நம் பகுதியின் விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் மதிப்பெண்ணைத் தேடி வருகின்றனர். விடியற்காலைப் படிப்பு, இரவுப் படிப்பு, வாரந்தோறும் தேர்வு என்று அவர்கள் நாட்கள் கழிகின்றன. நெய்ஸ்மித்தின் மாணவர்கள் அடங்காதவர்களாக இருந்ததற்குக் காரணம், சலிப்பூட்டும் வேலையைத் தவிர வேறெதுவும் அவர்களுக்குத் தரப்படாமையே. நம் பிள்ளைகளின் முகத்தில் அதே சலிப்பு தெரியவில்லையா? பெற்றோர் கூட்டத்துக்குச் செல்லும்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதுடன், "வாரத்தில் எத்தனை மாலைகள் பிள்ளைகள் ஆடுகிறார்கள்? பெண்பிள்ளைகளுக்கு எந்த நேரம்?" என்றும் கேளுங்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் பள்ளி நிர்வாகம் செவிசாய்க்காமல் இருக்க முடியாது.

முதல் நான்கு வாரங்கள்

பழக விரும்புவோர்க்கு ஒரு திட்டம். முதல் வாரம் எறிதலும் வாங்குதலும் ஊன்றுகாலும். இரண்டாம் வாரம் இரு கைகளாலும் மாறி மாறித் தட்டிச் செல்லுதல். மூன்றாம் வாரம் ஒரு மீட்டரிலிருந்து எய்தலும் லே-அப்பும். நான்காம் வாரம் பக்கவாட்டு நகர்வும், மூவர் ஆட்டமும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நாற்பது நிமிடங்கள் இதற்குப் போதும். கோடையில் வெயில் தணிந்த பின்னரே தொடங்குங்கள். முதல் ஐந்து நிமிடம் மெல்லோட்டம்; இடையிடையே தண்ணீர். வழுக்காத, கணுக்காலைப் பற்றி நிற்கும் காலணி அவசியம். செருப்புடன் ஆட வேண்டாம்.

பிள்ளைகள் நான்கு வாரத்தை முடித்துவிட்டு எழுதுங்கள். எந்த ஊரில், எத்தனை பேர், எப்படிப்பட்ட வளையத்தில் ஆடினீர்கள் என்று குறிப்பிடுங்கள். அடுத்த திங்கள், இன்ஷா அல்லாஹ், ஐவர் ஆட்டத்தில் ஒவ்வொருவர்க்கும் உரிய இடமும் பொறுப்பும் என்ன என்பதைப் பார்ப்போம்.